சிஎஸ்ஆர் அறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்

பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படிக்கும் கெட்ட பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. பங்கு வாங்குவதற்காக இல்லை, சும்மா. தலைவரின் கடிதம், லாபக் கணக்கு எல்லாம் தாண்டிப் போனால் நடுவில் வழவழப்பாகச் சில பக்கங்கள் வரும். சிரிக்கும் குழந்தைகள், மரக்கன்று நடும் கைகள், ஒரே நிற டி-ஷர்ட்டில் வரிசையாக நிற்கும் ஊழியர்கள். அதுதான் சமூகப் பொறுப்பு, எல்லோரும் சொல்வதுபோல் சொன்னால் சிஎஸ்ஆர். அங்கிருந்து இன்னும் நிறையப் பக்கங்கள் தள்ளி, படமே இல்லாமல் பொடி எழுத்தில், ஆராய்ச்சி, காப்புரிமை, புதுத் தயாரிப்புகள் பற்றிய பகுதி இருக்கும். இந்த இரண்டையும் எழுதியவர்கள் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்களோ என்று தோன்றும். ஆனால் அதே நிறுவனத்தின் தலைவர் மேடை ஏறினால், பொறுப்பும் புத்தாக்கமும் எங்களிடம் கைகோத்து நடக்கின்றன என்கிற மாதிரி ஒரு வரி இல்லாமல் இறங்குவதில்லை.

கைகோத்து நடப்பது அபூர்வம் என்பது என் எண்ணம். நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் உடைந்த இடங்களில் அருமையான விஷயங்கள் நடந்திருக்கின்றன, அதை மறுக்க முடியாது. ஆனால் சிஎஸ்ஆர் பிரிவு சுறுசுறுப்பாக வேலை செய்ததால் அது உடைந்ததாக எனக்குத் தெரிந்து அதிகம் கதைகள் இல்லை. சமூகத்தின் ஒரு தொந்தரவு, பொருளைச் செய்கிறவனின் மேசையிலேயே வந்து உட்கார்ந்து, அவனை வேலை செய்யவிடாமல் படுத்தியபோதுதான் உடைந்திருக்கிறது.

முதலில் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் கதை. நல்லது செய்கிற நிறுவனம் நல்ல லாபமும் பார்க்கிறது என்று 1990களில் பல ஆய்வுகள் வந்தன. 1997ல் வந்த வாடாக், கிரேவ்ஸ் என்ற இருவரின் கட்டுரை அதில் பிரபலம், இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். மூன்று வருடம் கழித்து மெக்வில்லியம்ஸ், சீகல் என்ற இன்னும் இருவர் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: இந்தக் கணக்கில் நிறுவனம் ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும் பணத்தைச் சேர்த்தீர்களா? சேர்க்கவில்லை. அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். சிஎஸ்ஆருக்கும் லாபத்துக்கும் இருந்ததாகத் தெரிந்த தொடர்பு காணாமல் போய்விட்டது. விஷயம் இதுதான், ஆராய்ச்சியில் நிறையப் பணம் போடுகிற நிறுவனங்களே சமூகப் பொறுப்பிலும் மதிப்பெண் அதிகம் வாங்கிக்கொண்டிருந்தன, லாபம் வந்தது ஆராய்ச்சியால், பெயர் மட்டும் சிஎஸ்ஆருக்குப் போனது. அதற்கப்புறமும் நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் வந்திருக்கின்றன, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஆனால் சிஎஸ்ஆர் செய்தால் புதுமை தானாக வரும் என்று யாராவது வரைபடம் காட்டினால், கையில் காசும் நல்ல நிர்வாகமும் இருக்கிற நிறுவனம் இரண்டையுமே செய்யுமே என்ற சந்தேகம் எனக்கு உடனே வந்துவிடுகிறது.

அதனால் சராசரிகளை விட்டுவிட்டுத் தனிக் கதைகளுக்கு வருகிறேன். அவற்றில்தான் இது எப்படி நடக்கிறது என்பது தெரியும்.

எனக்குப் பிடித்தது ஹோண்டாவின் கதை. 1970ல் அமெரிக்கா தன் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாகத் திருத்தியது. 1975 மாடல் கார்களின் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் 1970ல் இருந்த அளவிலிருந்து 90 சதவீதம் குறைய வேண்டும், நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு மட்டும் இன்னும் ஒரு வருடம் அவகாசம். டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கார் நிறுவனங்களும் முடியவே முடியாது என்று கையை விரித்தன. ஹோண்டா அப்போது கார் உலகில் சின்னப் பையன், முதல் காரை வெளியிட்டதே 1963ல்தான். சோய்ச்சிரோ ஹோண்டாவுக்கு இந்தச் சட்டம் ஒரு வரமாகத் தெரிந்திருக்கிறது. எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஓட ஆரம்பிக்கிறோம், பெரிய மூவரையும் முந்த இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று தன் ஆட்களிடம் சொன்னார். அங்கேதான் ஒரு விசித்திரம். இளம் பொறியாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் இதைச் செய்வது கம்பெனி ஜெயிப்பதற்காக இல்லை, சமூகத்துக்காக என்று அவர்கள் பதில் சொன்னதாக ஹோண்டா நிறுவனமே தன் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறது. அதைக் கேட்டு, நாம் எப்போது கம்பெனி கம்பெனி என்று மட்டும் யோசிக்கிற ஆளாக மாறினோம் என்று அவர் வெட்கப்பட்டாராம். 1973ல் அவர் ஓய்வு பெற்றதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். நிறுவனங்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளை நான் அப்படியே விழுங்குவதில்லை, ஆனாலும் நிறுவனரையே அசடு வழிய வைக்கிற கதையை யாரும் சும்மா இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அவர்கள் செய்தது என்ன? எஞ்சின் சிலிண்டருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு அறை வைத்தார்கள். அந்தக் குட்டி அறைக்குள் பெட்ரோல் அதிகமுள்ள கலவை, ஸ்பார்க் பட்டதும் சட்டென்று பற்றிக்கொள்ளும். அந்தத் தீ பெரிய அறைக்குள் பரவும், அங்கே இருப்பது பெட்ரோல் குறைவாக, காற்று அதிகமாக உள்ள கலவை, சாதாரணமாக அதைப் பற்றவைப்பதே கஷ்டம். மெதுவாகவும் முழுசாகவும் எரிவதால் நச்சுப் புகை எஞ்சினுக்கு உள்ளேயே குறைந்துவிடுகிறது. புகைக்குழாயில், வெளியேறும் புகையைச் சுத்தம் செய்கிற வினையூக்கிப் பெட்டி எதுவும் மாட்ட வேண்டியதில்லை. 1972 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் சோதனையில் இது தேறியது. இதெல்லாம் பொம்மை மாதிரி சின்ன எஞ்சினுக்குத்தான் சரிவரும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் அலட்சியமாகப் பேசியதும், ஹோண்டா என்ன செய்தது தெரியுமா? ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பெரிய வி8 செவர்லே இம்பாலாவை வாங்கி, அதன் எஞ்சினில் தன் முறையைப் பொருத்தி, அதே முகமையிடம் சோதனைக்கு அனுப்பியது. அதுவும் தேறியது. டொயோட்டாவும் ஃபோர்டும் உரிமம் வாங்கிக்கொண்டன. (பின்னால் வினையூக்கிப் பெட்டிகள் தேறி வந்ததும் இந்த எஞ்சின் வழக்கொழிந்துவிட்டது, அது வேறு விஷயம்.)

இங்கே சிஎஸ்ஆர் பிரிவு எங்கே இருந்தது? இல்லவே இல்லை. பொறுப்பு எஞ்சின் வரைபடத்துக்கு உள்ளேயே இருந்தது.

கடுமையான விதிகள் போட்டால் புதுமை தானே வரும் என்று இதிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். மேலாண்மைப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1991ல் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். எனக்கு அதில் பாதி சம்மதம். மீதிப் பாதிக்குத் தடையாக நிற்பது ஃபோக்ஸ்வாகன். அதே அமெரிக்கா, அதே முகமை, அதே புகைச் சட்டத்தின் பேரக்குழந்தைகள். அங்கேயும் பொறியாளர்களின் மேசையில்தான் பிரச்சினை வந்து உட்கார்ந்தது, அவர்களும் புத்திசாலித்தனமாகத்தான் எதையோ கண்டுபிடித்தார்கள். கார் சோதனைக்கூடத்தில் இருக்கிறதா சாலையில் ஓடுகிறதா என்று தானே கண்டுபிடித்து, சோதனையில் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் மென்பொருள். சாலைக்கு வந்தால் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரைக்கும் போனது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். இது வெளியே வந்தது 2015 செப்டம்பரில், அதே மாதம் சில நாட்களுக்கு முன்புதான், நிறுவனங்களின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்புக்கு மதிப்பெண் போடும் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு உலகின் கார் நிறுவனங்களிலேயே முதலிடத்தை ஃபோக்ஸ்வாகனுக்குக் கொடுத்திருந்தது! அடுத்த மாதமே பட்டியலிலிருந்து தூக்கினார்கள். சிஎஸ்ஆர் மதிப்பெண் என்பது எதை அளக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு மாதத்தைத்தான் சொல்வேன்.

ஹோண்டாவுக்கும் ஃபோக்ஸ்வாகனுக்கும் என்ன வித்தியாசம்? ஹோண்டாவில் சின்னப் பையன்கள் முதலாளியிடமே நீங்கள் சொல்வது தப்பு என்று சொல்ல முடிந்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகனில், இவ்வளவு செலவுக்குள் இந்த டீசல் எஞ்சினால் இந்த விதியைத் தொட முடியாது என்பதை மேலே சொல்ல வழி இல்லாமல் போயிருக்கிறது. நெருக்கடி இரண்டு இடத்திலும் ஒன்றுதான், வாய் திறக்கும் சுதந்திரம்தான் வேறு. இதை எந்தச் சட்டமும் கொடுக்க முடியாது, எந்த சிஎஸ்ஆர் பட்ஜெட்டும் வாங்கித் தர முடியாது.

சரி, சட்டம் இல்லாமல் யாராவது தானாக மாறியிருக்கிறார்களா? இருக்கிறார்கள். ரே ஆண்டர்சன் அமெரிக்காவில் 1973ல் இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனத்தை ஆரம்பித்தவர், அலுவலகங்களில் சதுரம் சதுரமாகப் பதிக்கிறார்களே, அந்தக் கார்பெட். நைலானும் பசையும் சாயமும், எல்லாமே பெட்ரோலியத்திலிருந்து வருபவை. 1994ல், அவருடைய 60 வயதில், சுற்றுச்சூழலுக்கு உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள், விற்பனை ஆட்களிடம் பதில் இல்லை. அவரிடம் வந்து நின்றார்கள். அவரிடமும் இல்லை. சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறோம் என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லை. வேறு யாராவது இருந்தால் ஒரு அறக்கட்டளை ஆரம்பித்து முடித்திருப்பார்கள். இவர் 2020க்குள் எங்கள் நிறுவனத்தால் இயற்கைக்கு எந்தக் கெடுதலும் இருக்காது என்று இலக்கு வைத்து, அதைக் கொண்டுபோய்த் தொழிற்சாலையிலும் வடிவமைப்பாளர்களிடமும் கொடுத்துவிட்டார்.

அதில் பிறந்த ஒரு பொருளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். சாதாரணக் கார்பெட் சதுரங்களில் நெசவின் திசை, நிறம், வடிவம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒன்று கொஞ்சம் திரும்பியிருந்தாலும் கண்ணை உறுத்தும். ஒரே முறை சாயம் போட்ட தொகுதியிலிருந்துதான் எல்லாம் வர வேண்டும், அடுத்த தொகுதியில் நிறம் மயிரிழை மாறும். பின்னால் ஒரு சதுரம் கறைபட்டால் மாற்றுவதற்கென்று கட்டட உரிமையாளர்கள் உபரிச் சதுரங்களை வாங்கிப் பூட்டி வைப்பார்கள். அதில் பாதி கடைசியில் குப்பைக்குத்தான். டேவிட் ஓக்கி என்ற வடிவமைப்பாளரின் குழு ஒரு காட்டுக்குள் போய், தரையை இயற்கை எப்படி வடிவமைக்கிறது என்று பார்த்தது. இலைகள், சுள்ளிகள், கூழாங்கல். எந்த இரண்டு அடியும் ஒன்றுபோல் இல்லை, ஆனால் மொத்தமாகப் பார்த்தால் ஒழுங்காக இருக்கிறது. ஒரு கை இலையை எடுத்து வேறு இடத்தில் போட்டாலும் யாருக்கும் தெரியாது. எந்த இரண்டு சதுரமும் ஒன்றுபோல் இல்லாத கார்பெட்டை 2000ல் என்ட்ரோபி என்ற பெயரில் விட்டார்கள். எந்தத் திசையிலும் வைக்கலாம், வெட்டி மிஞ்சிய துண்டைத் தூக்கிப் போட வேண்டாம், சாயத் தொகுதி கொஞ்சம் மாறினாலும் அதுவும் அழகில் சேர்ந்துவிடும், கறைபட்ட ஒன்றை மட்டும் எடுத்து மாற்றினால் கண்டுபிடிக்கவே முடியாது. பதிக்கிறவர்களுக்கு நேரமும் மிச்சம். அது நிறுவனத்தின் மிகவும் விற்ற வகைகளில் ஒன்றாக ஆனது. கழிவைக் குறை என்று ஒரு கட்டளை இல்லாவிட்டால், சதுரங்கள் ஏன் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற கேள்வியே யாருக்கும் வந்திருக்காது. வடிவம் பொருந்த வேண்டும் என்பது அந்தத் தொழிலில் கேள்வி கேட்காத விஷயம்.

இன்டர்ஃபேஸின் எல்லா யோசனையும் இப்படி ஜெயிக்கவில்லை. கார்பெட்டை விற்காமல் வாடகைக்கு விடுகிறோம், பழையதை நாங்களே எடுத்துப்போய் மறுசுழற்சி செய்கிறோம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய வாடிக்கையாளர்கள்தான் தேறினார்கள். வாங்குகிற நிறுவனங்களில் கார்பெட் வாங்கும் பணம் ஒரு கணக்கிலும் பராமரிப்புப் பணம் இன்னொரு கணக்கிலும் இருந்தது, இரண்டையும் சேர்த்து ஒரு மாத வாடகையாகக் கொடுக்க எந்த மேலாளருக்கும் அதிகாரம் இல்லை. நல்ல யோசனைகள் பெரும்பாலும் இப்படிக் கணக்குப் புத்தகத்தின் கோடுகளுக்கு நடுவில் மாட்டித்தான் சாகின்றன.

அதை நானே பார்த்திருக்கிறேன். கொஞ்ச காலம் ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு வடிவமைப்புக் குழுவில் இருந்தேன், பெயர் வேண்டாம். பேக்கேஜிங் பார்த்துக்கொண்ட ஒருவர், பெட்டிக்குள் பொருளைப் பிடித்து வைக்கும் ஃபோம் அச்சை எடுத்துவிட்டு, அட்டையையே மடித்து முட்டுக்கொடுக்கிற மாதிரி ஒன்று செய்தார். ஒரே அட்டைத் தாள், ஒட்டுப் பசை கிடையாது, நான்கு மூலையிலும் அட்டை உள்பக்கமாக இரண்டு முறை மடங்கி சின்ன சுருள்வில்போல நிற்கும். தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டுக் காட்டினார். மூலை நசுங்கியது, உள்ளே இருந்த பொருளுக்குக் கீறல் இல்லை. அதை எடுத்துக்கொண்டு சிஎஸ்ஆர் பிரிவுக்குப் போனார். “இது காஸ்ட் ரிடக்‌ஷன் சார், எங்க கணக்குல வராது” என்றார்கள். உற்பத்திப் பிரிவுக்குப் போனார். ஃபோம் அச்சுக்குப் போட்ட பணமே இன்னும் திரும்பி வரவில்லை, சப்ளையரோடு ஒப்பந்தம் வேறு இருக்கிறது, சுற்றுச்சூழல் என்றால் சிஎஸ்ஆரில் கேளுங்கள் என்றார்கள். அந்த வாரம் சிஎஸ்ஆர் பிரிவு, பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்ற தலைப்பில் ஊழியர்களின் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி நடத்திக்கொண்டிருந்தது. பரிசுப் பொருள்கள் ஃபோம் வைத்துக் கட்டி வந்தன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அந்த சிஎஸ்ஆர் ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கு வகுத்த கோடு அப்படி. சில இடங்களில் சட்டமே அந்தக் கோட்டைப் போடுகிறது. சிஎஸ்ஆர் செலவைச் சட்டத்தில் எழுதி வைத்த நாடுகளில் இந்தியா முக்கியமானது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, ஒரு அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். ஆனால் விதிகள், நிறுவனம் தன் வழக்கமான தொழிலின் போக்கில் செய்வது எதுவும் சிஎஸ்ஆர் கணக்கில் வராது என்கின்றன. காரணம் நியாயமானதுதான், இல்லாவிட்டால் விளம்பரச் செலவைக்கூட சமூக சேவை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள், நிறுவனத்துக்கு எது மிக நன்றாகத் தெரியுமோ அதை விட்டுவிட்டு வேறு எதையாவது செய் என்று ஆகிவிடுகிறது. கொரோனா வந்தபோது இந்த விதிக்கே விலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று: தடுப்பூசி, மருந்து, மருத்துவக் கருவி ஆராய்ச்சியில் இருக்கிற நிறுவனங்கள், கொரோனாவுக்கான தங்கள் ஆராய்ச்சியையே மூன்று நிதியாண்டுகளுக்கு சிஎஸ்ஆராகக் காட்டலாம் என்று 2020ல் திருத்தினார்கள். உண்மையான அவசரம் வந்தால் எந்தச் சுவரை முதலில் இடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

சிஎஸ்ஆர் பணமே புதுமையாக மாறிய கதையும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்வது ஒருதலைப்பட்சம். கென்யாவின் எம்-பெசா, ஃபோன் வழியாகப் பணம் அனுப்பும் சேவை. வோடஃபோனில் சமூகப் பொறுப்புப் பக்கம் இருந்த நிக் ஹியூஸ், பிரிட்டன் அரசின் வளர்ச்சித் துறை நடத்திய போட்டி நிதியிலிருந்து சுமார் 10 லட்சம் பவுண்டு வாங்கினார், வோடஃபோனும் அதற்கு ஈடாகப் போட்டது. அந்த வெளிப்பணம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குள் மற்றத் திட்டங்களோடு மூலதனத்துக்குப் போட்டி போட்டு இது ஜெயித்திருக்காது என்று பின்னால் அவரே எழுதினார். 2005ல் முன்னோட்டம் ஆரம்பித்தபோது திட்டம் என்ன தெரியுமா? சிறுகடன் வாங்கியவர்கள் தவணையை ஃபோனில் கட்டுவது. அவ்வளவுதான். ஆனால் அதைக் கையில் வாங்கிய ஜனங்கள் அதை வைத்து வேறு என்னென்னவோ செய்தார்கள். இன்னொருவருடைய தவணையைக் கட்டினார்கள். ஊர் விட்டு ஊர் போகிறவர்கள், வழியில் பணம் பறிபோகாமல் இருக்க, இந்த ஊரில் போட்டு அந்த ஊரில் எடுத்தார்கள். கடைக்காரர்கள் தங்களுக்குள் பணம் மாற்றிக்கொண்டார்கள். குழு அதை உட்கார்ந்து கவனித்தது, சிறுகடன் சமாச்சாரத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, 2007 மார்ச்சில் வீட்டுக்குப் பணம் அனுப்பும் சேவையாக, கென்யாவின் ஃபோன் நிறுவனமான சஃபாரிகாம் மூலம் வெளியிட்டது. அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

இதன் பக்கத்தில் பிளேபம்ப்பை வைத்துப் பார்க்க வேண்டும். குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தை நிலத்தடி நீர் பம்பில் மாட்டிவிட்டால், விளையாட விளையாடத் தண்ணீர் மேலே ஏறும், தொட்டியின் பக்கங்களில் விளம்பரம் ஒட்டிப் பராமரிப்புச் செலவை எடுக்கலாம். பார்த்தவுடனே பிடித்துப்போகும் யோசனை, அதுதான் வினையே. 2006ல் நியூயார்க்கில் கிளிண்டன் அமைப்பின் மேடையில் 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார்கள், 2010க்குள் 4,000 பம்புகள் என்று இலக்கு. குழந்தைகளுக்கு இரண்டு நாளில் அலுத்துவிட்டது. ராட்டினத்தைப் பெண்கள் குனிந்து குனிந்து தள்ள வேண்டியதாயிற்று, பழைய கைப்பம்பே இதைவிடத் தேவலை. சொன்ன அளவு தண்ணீர் வர வேண்டுமென்றால் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009ல் கார்டியன் இதழில் ஒரு கணக்கு வந்தது. பணம் கொடுத்த கேஸ் அறக்கட்டளை 2010ல் இது சரிவரவில்லை என்று வெளிப்படையாக எழுதியது, அந்த நேர்மைக்கு மரியாதை.

இரண்டிலும் நன்கொடைப் பணம், இரண்டிலும் நல்ல எண்ணம், இரண்டிலும் முதலில் போட்ட திட்டம் தப்பு. எம்-பெசாக்காரர்கள் அது தப்பு என்று தெரிய வரும்வரை சின்னதாகவே வைத்திருந்தார்கள். பிளேபம்ப் அதற்குள் மேடை ஏறிவிட்டது. சிஎஸ்ஆரின் பெரிய வியாதி இந்த மேடைதான் என்று நினைக்கிறேன். ஆராய்ச்சிப் பிரிவில் பத்தில் எட்டு தோற்றால் யாரும் அழுவதில்லை, அதுதான் வேலை. சிஎஸ்ஆரில் தோற்ற திட்டம் என்று ஒன்று உண்டா? எந்த அறிக்கையிலாவது பார்த்திருக்கிறீர்களா? தோற்க உரிமை இல்லாத இடத்தில் புதிதாக எதுவும் முளைக்காது.

அதற்காக எல்லாப் பொறுப்பிலும் புதுமையும் லாபமும் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் எனக்கு ஒப்பவில்லை. மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பெல், ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரியை வைத்துக் கண்டுபிடித்த ஐவர்மெக்டின், முதலில் கால்நடைகளுக்கான புழு மருந்து, அதில் நன்றாகச் சம்பாதித்தார்கள். மனிதர்களுக்கு வரும் ஆற்றுக் குருட்டு நோய்க்கும் இது கேட்கும் என்று தெரிந்தபோது ஒரு சிக்கல், நோய் வருகிறவர்களிடம் வாங்கக் காசு கிடையாது, வாங்கித் தர எந்த அரசும் முன்வரவில்லை. 1987ல் தலைவர் ராய் வேஜிலோஸ், தேவைப்படும் அளவுக்கு, தேவைப்படும் காலம் வரை இலவசம் என்று அறிவித்தார். இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கேம்பெல்லுக்கும் ஓமுராவுக்கும் 2015ல் நோபல் கிடைத்தது, 2025 ஜனவரியில் ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடாக நைஜர் இந்த நோயின் பரவலை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இதில் என்னைக் கவர்ந்த கண்டுபிடிப்பு மருந்தைவிட ஒரு குச்சி. மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. ஆனால் சாலையே இல்லாத கிராமத்துக்கு எடை பார்க்கும் கருவியை யார் சுமப்பது, அது சரியாகத்தான் காட்டுகிறதா என்று யார் பார்ப்பது? உயரத்தை வைத்தே எடையைத் தோராயமாகக் கணித்துவிடலாம் என்று கண்டார்கள். ஒரு கம்பில் நாலு கோடு. 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் மருந்து இல்லை. 119 வரை ஒரு மாத்திரை, 140 வரை இரண்டு, 158 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. அந்த ஊர்க்காரர்களே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர் கம்பை நட்டு, வரிசையாக நிற்க வைத்து, கையில் மாத்திரையைக் கொடுத்து, எதிரிலேயே விழுங்க வைப்பார். டாக்டரும் வேண்டாம், தராசும் வேண்டாம். இதற்குக் காப்புரிமை கிடையாது, யாருக்கும் பத்துப் பைசா வரவில்லை, ஆண்டறிக்கையின் புத்தாக்கப் பக்கத்திலும் வராது. கம்பு அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

லாபமும் வரும், நல்லதும் நடக்கும் என்ற பேச்சில் இன்னொரு ஆபத்து உண்டு. 3எம் நிறுவனம் 1975லேயே, மாசைத் தடுத்தால் காசு மிச்சம் என்ற அர்த்தத்தில் ஒரு திட்டம் ஆரம்பித்து, கழிவைக் குழாயின் முடிவில் சுத்தம் செய்யாமல் தயாரிப்பு முறையையே மாற்றி, பல பத்தாண்டுகள் உலகத்துக்கே உதாரணமாக இருந்தது. மேலாண்மை வகுப்புகளில் தவறாமல் வரும் பெயர். அதே 3எம்தான் பிஃபாஸ் என்னும், மண்ணிலும் ரத்தத்திலும் லேசில் சிதையாத ரசாயனங்களையும் அதே பல பத்தாண்டுகள் தயாரித்தது. 2023ல் அமெரிக்கக் குடிநீர் அமைப்புகளுக்குக் குறைந்தது 1,030 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. இரண்டுமே ஒரே நிறுவனத்தின் உண்மைதான். மாசைத் தடுத்தால் காசு மிச்சமாகும் இடங்களில் தடுத்தார்கள். தடுத்தால் காசு போகும் இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

எனவே, எங்கள் சமூகப் பொறுப்பு புத்தாக்கமாக மலர்ந்திருக்கிறது என்று ஒரு நிறுவனம் சொன்னால் நான் ஒரு விஷயத்தைத்தான் தேடிப் பார்க்கிறேன்: போட்டியாளரையும் அதைச் செய்ய விடுகிறார்களா? போர் விமானங்களில் விமானியைத் தூக்கியெறியும் இருக்கையை வடிவமைத்துக்கொண்டிருந்த நீல்ஸ் போலினை வால்வோ வேலைக்கு எடுத்தது, 1959ல் அவர் செய்த மூன்று முனை சீட் பெல்ட் கார்களில் வந்தது, காப்புரிமையை எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். இன்று நீங்கள் எந்தக் காரில் ஏறினாலும் தோளின் குறுக்கே இழுத்து மாட்டுவது அதுதான். லீவைஸ் ஜீன்ஸ் துவைப்பில் தண்ணீரைக் குறைக்கும் முறைகளை 2011ல் கொண்டுவந்து 2016ல் எல்லோருக்கும் வெளியிட்டது. அப்படிச் செய்தாலும் வால்வோ நஷ்டப்படவில்லை, பாதுகாப்பான கார் என்றால் வால்வோ என்ற பெயரை அதற்கப்புறம் யாராலும் பிடுங்க முடியவில்லை. சின்ன நிறுவனத்திடம் இதை எதிர்பார்ப்பது அநியாயம், ஒரே ஒரு காப்புரிமையை வைத்துக்கொண்டு பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடலாம். ஆனால் உலகத்தைக் காப்பாற்றும் தொழில்நுட்பம் என்று முழுப் பக்க விளம்பரம் கொடுத்துவிட்டு, அதே தொழில்நுட்பத்தை வேறு யாரும் தொடக்கூடாது என்று வழக்குப் போடுகிற பெரிய நிறுவனம், அந்த விளம்பரச் செலவையாவது சமூகப் பொறுப்பில் சேர்க்காமல் இருக்கட்டும்.